பெயர் இழந்த மதிப்புகள்

நிரலில் எங்கோ கணக்கு தவறுகிறது என்று தெரிந்ததும் நிரலர் முதலில் செய்வது, ஐயத்துக்குரிய மாறியில் அந்த நொடியில் என்ன இருக்கிறது என்று திரையில் அச்சிட்டுப் பார்ப்பதுதான். பிழைதிருத்தத்துக்கென்றே எத்தனையோ கருவிகள் வந்துவிட்ட பின்னும் இந்தப் பழக்கம் மறையாததற்குக் காரணம், இதைவிட எளிய வழி எதுவும் இல்லை என்பதே. லிஸ்ப் மொழியில் இதற்கு ஒரே கட்டளை போதும். எண்ணோ, பட்டியலோ, பட்டியலுக்குள் அடங்கிய பட்டியலோ, எதைக் கொடுத்தாலும் அது அச்சிட்டுவிடும். ஓகேமல் மொழிக்குப் புதிதாக வருபவரோ முழு எண்ணை அச்சிட ஒரு கட்டளை, தசம எண்ணுக்கு இன்னொன்று, எழுத்துகளின் கோவையாகிய சரத்துக்கு வேறொன்று என்று எல்லாம் தனித்தனியாக இருப்பதைக் காண்கிறார். அவரே வரையறுத்த புதிய தரவினத்துக்கு அப்படி ஒன்றுமே இல்லை. இத்தனைக்கும் நிரலில் வரும் ஒவ்வொரு மதிப்பும் எண்ணா, சரமா, எவற்றின் பட்டியல் என்பதை, நிரலர் எழுதிக் கொடுக்காவிட்டாலும், இயக்கத்துக்கு முன்பே பிசகின்றிக் கணித்துவிடும் மொழி அது. எல்லாம் அறிந்த மொழி, 'இதைக் காட்டு' என்றால் மட்டும் கையை விரிக்கிறது. இதை வடிவமைத்தவர்களின் மறதி என்று எண்ணுவது தவறு. தரவினங்களைப் பற்றிய ஒரு தேற்றத்திலிருந்து நேரே பிறந்த விளைவு இது.

1958இல் எம்ஐடியில் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்பில் ஒவ்வொரு மதிப்பும் தன் அடையாளத்தைத் தன்னோடு சுமந்து திரிகிறது. இயக்க நேரத்தில் 'நீ யார்' என்று கேட்டால் அது விடை சொல்லும். அச்சிடும் கட்டளை அந்த விடையைக் கேட்டு நடந்துகொண்டால் போதும். 1970களில் எடின்பரோவில் ராபின் மில்னரும் உடனிருந்தோரும் எல்சிஎஃப் என்ற தேற்ற நிரூபணக் கருவிக்குத் துணைமொழியாக உருவாக்கிய, ஓகேமலின் மூதாதையாகிய எம்எல், இதற்கு நேர் எதிரான வழியைப் பிடித்தது. நிரல்பெயர்ப்பி, அதாவது நிரலரின் மொழியை எந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், தரவினங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று முன்கூட்டியே சரிபார்க்கும். அதில் தேறிய நிரல் இயங்கும்போது எண்ணைச் சரமாகவோ சரத்தைப் பட்டியலாகவோ மயங்குவது நடவாது என்பதை மில்னர் 1978இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார். மயக்கம் நேராது என்று உறுதியான பின் ஒவ்வொரு மதிப்பின் மீதும் பெயர்ச்சீட்டு ஒட்டி வைப்பது வீண்செலவு. ஆகவே கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரித்துவிடுவதுபோல, சரிபார்ப்பு முடிந்ததும் தரவினங்கள் நீக்கப்படுகின்றன. எந்திரத்தில் ஓடும் நிரலுக்கு அவற்றின் நினைவே இல்லை. வேகமும் நினைவகச் சிக்கனமும் இதனால் வந்தன. பொது அச்சிடல், அதாவது எந்த இனத்து மதிப்பையும் இனம் சொல்லாமலே அச்சிடும் வசதி, இதனாலேயே போயிற்று.

ஆயினும் எல்லா அடையாளமும் அழிந்துவிடுவதில்லை. எம்எல் குடும்பத்தில் இன்று பரவலாகப் பயன்படும் ஓகேமலில் (பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் உருவாகி 1996இல் ஆப்ஜெக்டிவ் கேமல் என்ற பெயரில் வெளியாகி, 2011இல் இந்தச் சுருக்கப் பெயரை ஏற்றது) என்ன எஞ்சுகிறது என்று பார்ப்பது பயனுள்ளது. அங்கே எல்லா மதிப்பும் நினைவகத்தில் ஒரே அளவான ஓர் இடத்தில், 64 பிட் எந்திரமானால் 64 பிட்டில், வைக்கப்படும். அந்த 64இல் கடைசி பிட் 1 எனில் அது நேரடி எண். 0 எனில் நினைவகத்தில் வேறோரிடத்தில் இருக்கும் ஒரு தொகுதியின் முகவரி. முகவரிகள் எல்லாம் 8இன் மடங்குகளாகவே அமைவதால் அவற்றின் கடைசி பிட் இயல்பாகவே 0 ஆகிவிடுகிறது. எண்களைப் பொறுத்தவரை, ஓர் எண் இருமடங்காக்கப்பட்டு ஒன்று கூட்டி வைக்கப்படுகிறது, 7 என்பது உள்ளே 15 ஆக இருக்கும். ஓகேமலின் முழு எண்கள் 63 பிட்டோடு நின்றுவிடுவதும், அவற்றின் உச்ச வரம்பு 4611686018427387903 என்று முடிவதும் இந்த ஒரு பிட்டைத் தானம் செய்ததால்தான்.

முகவரி சுட்டும் தொகுதிக்கு முன்னே 64 பிட் அளவுள்ள ஒரு தலைப்பு இருக்கும். அதில் 54 பிட்டுகள் தொகுதியின் நீளத்தையும், 2 பிட்டுகள் ஒரு நிறக்குறியையும், எஞ்சிய 8 பிட்டுகள் குறியெண் எனப்படும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணையும் தாங்குகின்றன. சரமானால் குறியெண் 252, தசம எண் 253, தசம எண்களின் அணி 254, செயற்கூறு எனப்படும் ஃபங்ஷன் 247. தரவினங்களையே துடைத்தெறிந்த மொழி இந்தக் குறிகளை மட்டும் ஏன் விட்டு வைத்தது? இவற்றில் பெரும்பகுதி குப்பை சேகரிப்பானுக்காக எழுதப்பட்டது. யாரும் இனிப் பயன்படுத்தாத தொகுதிகளைக் கண்டறிந்து இடத்தை மீட்கும் அந்தப் பணியாளுக்கு எது முகவரி, எது வெறும் எண், ஒரு தொகுதி எவ்வளவு நீளம், அதன் உட்புறத்தைத் துருவிப் பார்க்கலாமா கூடாதா என்ற செய்திகள் இல்லாமல் வேலை ஓடாது. நிறக்குறி அதன் சொந்தக் கணக்கு. இவற்றோடு, ஒரு தரவினத்தின் கிளைகளைப் பிரித்தறிய வேண்டிய சிறு எண்களும் அதே குறியெண்ணில் இடம் பெறுகின்றன. பொது அச்சிடலுக்கு முயன்றவர்கள் செய்தது, வேறொரு பணியாளுக்கென்று விட்டுச்செல்லப்பட்ட இந்தக் குறிகளைப் படித்ததுதான்.

ஓகேமலின் நூலகத்தில் ஆப்ஜ் என்ற ஒரு கூறு உண்டு; எந்த மதிப்பையும் தரவினமற்ற வெற்று மதிப்பாகக் கருதி அது எண்ணா தொகுதியா, குறியெண் என்ன, தொகுதிக்குள் எத்தனை புலங்கள், அதாவது உட்பகுதிகள், என்று கேட்க அது வழி தருகிறது. சாதாரண நிரலர்கள் தொடக் கூடாத கூறு என்று அதன் ஆவணமே எச்சரிக்கும். எக்ஸ்ட்லிப் என்ற துணை நூலகத்தில் உள்ள டம்ப் என்ற செயற்கூறு அந்த எச்சரிக்கையைத் தெரிந்தே மீறுகிறது. மதிப்பு நேரடி எண்ணானால் அதை அச்சிடுகிறது. குறியெண் 252 எனில் மேற்கோளிட்டுச் சரத்தையும், 253 எனில் தசம எண்ணையும் எழுதுகிறது. மற்றத் தொகுதிகளானால் ஒவ்வொரு புலத்துக்கும் தன்னையே மறுபடி அழைத்து, விடைகளை அடைப்புக்குள் கோத்துக் காட்டுகிறது. செயற்கூறு எதிர்ப்பட்டால் அது செயற்கூறு என்று மட்டும் குறித்துவிட்டு நகர்கிறது. சில பத்து வரிகளில் முடிந்துவிடும் வேலை. நள்ளிரவில் ஒரு பிழையோடு மல்லுக்கட்டுகிறவருக்கு இதுவே பெரிய வரம்.

ஆனால் அது அச்சிடுவதைப் படிக்கத் தனிப் பழக்கம் வேண்டும். பொய் என்ற தருக்க மதிப்பு, வெற்றுப் பட்டியல், 'ஒன்றுமில்லை' என்ற மதிப்பு, பூச்சியம் என்ற எண் ஆகிய நான்கும் நினைவகத்தில் ஒரே உருவம். நான்கும் 0 என்றே வரும். ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் முதலாவது 97 என்று வரும். பெயரிடப்பட்ட இரண்டு புலங்களைக் கொண்ட பதிவாகிய ரெக்கார்டும், பெயரில்லாத இணையும், இரண்டு எண்கள் கொண்ட அணியும் குறியெண் 0 உடைய, இரண்டு புலமுள்ள தொகுதியாகவே இருப்பதால் அவற்றுக்குள் வேற்றுமை தெரியாது. வட்டம், சதுரம் என்று நிரலர் பெயர் சூட்டிய ஆக்கிகள், அதாவது ஒரு தரவினத்தின் வெவ்வேறு கிளைகள், 0, 1 என்ற குறியெண்களாகச் சுருங்கிவிட்டிருக்கும். இந்நிலை புள்ளியில்லாத ஓலைச்சுவடியைப் படிப்பதற்கு ஒப்பானது: அங்கே எகரமா ஏகாரமா என்று ஓலை சொல்வதில்லை, ரகரமா காலா என்பதும் தெரிவதில்லை, மொழி அறிந்தவர் இடம் நோக்கி உணர்ந்துகொள்கிறார், மொழி அறியாதவர் வரிவடிவத்தை அப்படியே எழுத்துக்கூட்டித் தடுமாறுகிறார். டம்ப் இரண்டாமவரின் நிலையில் நிற்கிறது.

தடுமாறுவதோடு நிற்காமல் ஊகிக்கவும் தலைப்படும்போது விளைவு வேடிக்கையாகிறது. ஓகேமலின் பட்டியல் என்பது ஒரு சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் குறியெண் 0 கொண்ட இரு புலத் தொகுதி, முதற்புலத்தில் உறுப்பும் இரண்டாம் புலத்தில் எஞ்சிய பட்டியலும் இருக்கும், சங்கிலி 0இல் முடியும். பட்டியலைப் பட்டியலாகவே காட்டினால் படிக்க எளிது என்பதால், இத்தகைய உருவம் எதிர்ப்பட்டால் டம்ப் அதைச் சதுர அடைப்பில் எழுதுகிறது. இப்போது ஒரு நூலகத்தின் கணக்கில் ஒவ்வொரு நூலுக்கும் பக்க எண்ணிக்கை, இரவல் போன படிகள் என்று இரண்டு புலங்கள் இருப்பதாகக் கொள்வோமெனில், 250 பக்க நூலின் படி ஒன்று வெளியே போயிருக்கும்போது திரையில் (250, 1) என்று வரும். அது திரும்பி வந்ததும் இரண்டாம் புலம் 0 ஆகிவிட, அதே பதிவு [250] என்று ஓர் உறுப்புப் பட்டியலாகத் தோன்றும். நிரலில் எந்தத் தவறும் இல்லை, அச்சில்தான் தரவினம் மாறிவிட்டது; இதை அறியாதவர் இல்லாத பிழையைத் தேடி ஒரு பகலை இழக்கக்கூடும்.

இதைவிட நுட்பமான சங்கடம் கணங்களில் நேர்கிறது. ஓகேமலின் நூலகத்தில் கணம் என்பது உள்ளுக்குள் சமன் செய்யப்பட்ட ஒரு மரம். ஒவ்வொரு கணுவிலும் இடக்கிளை, உறுப்பு, வலக்கிளை, உயரம் என்ற நான்கு புலங்கள். மரத்தின் இரு கிளைகளுக்கும் உயர வேறுபாடு 2 வரை இருக்கலாம் என்று அந்நூலகம் விட்டுக்கொடுப்பதால், 1, 2, 3 ஆகிய உறுப்புகளை 2, 1, 3 என்ற வரிசையில் சேர்த்தால் ((0, 1, 0, 1), 2, (0, 3, 0, 1), 2) என்ற உருவமும், 1, 2, 3 என்ற வரிசையில் சேர்த்தால் (0, 1, (0, 2, (0, 3, 0, 1), 2), 3) என்ற உருவமும் கிடைக்கும். கணிதத்தில் இரண்டும் ஒரே கணம். அச்சில் ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு அடைப்புக்குறிக் காடுகள். கணத்தை எழுதியவர் அதன் உட்கட்டமைப்பை வெளியார் காணாதபடி மூடி வைத்தது, எவரும் இந்த வேறுபாட்டை நம்பி எதையும் கட்டிவிடக் கூடாது என்பதற்காகவே; பொது அச்சிடல் அந்தக் கதவின் இடுக்கு வழியே பார்க்கிறது.

ஓகேமலிலேயே தரவினம் அறியாமல் எந்த மதிப்பின் மீதும் இயங்கும் வேறு மூன்று செயல்கள் அன்றாடப் பயன்பாட்டில் இருக்கின்றன: இரண்டு மதிப்புகளை ஒப்பிடுதல், ஒரு மதிப்பிலிருந்து சுருக்க எண் கணித்தல், மதிப்பைக் கோப்பில் எழுதி மீட்டல். அவை தடையின்றி நடக்க அச்சிடல் மட்டும் ஏன் தடுமாறுகிறது என்பதற்கு விடை எளிது. ஒப்பிட உருவம் போதும். இரண்டு பக்கமும் ஒரே தரவினம் என்று நிரல்பெயர்ப்பி ஏற்கெனவே பார்த்துவிட்டதால், உருவங்களைப் புலம் புலமாக இணைத்துப் பார்த்தால் வேலை முடிந்தது. அச்சிடுவது பெயர் சொல்லும் வேலை, பெயரோ உருவத்தில் இல்லை. (உருவ ஒப்பீடும் முற்றிலும் பழுதற்றதன்று, மேற்கண்ட இரண்டு மரங்களையும் அது வேறு வேறு என்றே சொல்லும், செயற்கூறுகளை ஒப்பிடச் சொன்னால் மறுத்து நிரலையே நிறுத்திவிடும்.)

பொது அச்சிடலைப் பற்றிக் கோட்பாட்டாளர்களுக்கு இன்னொரு மனக்குறை உண்டு. எந்த உறுப்புகளின் பட்டியலையும் வாங்கி அதே வகை உறுப்புகளின் பட்டியலைத் திருப்பித் தரும் ஒரு செயற்கூறு இருப்பதாகவும், அதன் உடல் காணக் கிடைக்கவில்லை, தரவினம் மட்டுமே தெரியும் என்றும் கொண்டால், அது உறுப்புகளை இடம் மாற்றலாம், சிலவற்றை விடலாம், சிலவற்றை இருமுறை எழுதலாம். ஆனால் மேற்கண்ட மூன்று பொதுச் செயல்களைத் தொடாதவரை, உறுப்பின் உள்ளே எட்டிப்பார்த்து அதன்படி முடிவெடுக்க முடியாது, ஏனெனில் அது எண்ணா சரமா என்றே அதற்குத் தெரியாது. ஜான் ரெனால்ட்ஸ் 1983இல் வகுத்த இந்தப் பண்பிலிருந்து, நிரலைப் படிக்காமலே அதைப் பற்றிய தேற்றங்களைப் பெறலாம் என்று ஃபிலிப் வாட்லர் 1989இல் காட்டினார்: எல்லா உறுப்புகளையும் இருமடங்காக்கிவிட்டு அத்தகைய செயற்கூறுக்குக் கொடுத்தாலும், முதலில் அதற்குக் கொடுத்துவிட்டுப் பின் இருமடங்காக்கினாலும் விடை ஒன்றே. எதையும் சரமாக மாற்றித் தரும் டம்ப் போன்ற ஒன்று மொழிக்குள் நுழைந்தால் இந்த உறுதி குலைகிறது. உறுப்பைச் சரமாக்கி, அந்தச் சரம் 7 ஆக இருந்தால் மட்டும் வேறு விதமாக நடக்கும் செயற்கூறை எவரும் எழுதிவிடலாம். ஓகேமலுடன் வரும் ஊடாட்டச் சாளரம், தட்டச்சு செய்த கோவையை உடனே கணித்து விடையைத் தரவினத்தோடு காட்டும் பகுதி, இந்த எல்லையை மதித்தே நடந்துகொள்கிறது. தரவினம் கையில் இருக்கும்வரை அது பட்டியலையும் பதிவையும் பெயர்களோடு அழகாக அச்சிடுகிறது. மூடிய தரவினம் எதிர்ப்பட்டால் மூடியது என்று குறிக்கிறது. தரவினம் இன்னதென்று முடிவாகாத மதிப்பானால் பாலி, அதாவது பல்லுரு, என்று மட்டும் எழுதிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது.

ஹாஸ்கெல் மொழி பெயர்களை எறியவும் இல்லை, மதிப்புகளின் தலையில் ஏற்றவும் இல்லை. தனிக் கைச்சுமையாக உடன் அனுப்பியது. வாட்லரும் ஸ்டீஃபன் ப்ளாட்டும் 1989இல் முன்வைத்த தரவின வகுப்பு என்ற கருத்தின்படி, அச்சிடத் தக்க தரவினங்கள் எல்லாம் ஷோ என்ற வகுப்பில் சேர்கின்றன. சேரும் ஒவ்வொன்றும் தன்னைச் சரமாக்கும் முறையைச் சொல்ல வேண்டும், வரையறையின் இறுதியில் ஒரு சொல்லைச் சேர்த்தால் நிரல்பெயர்ப்பியே அதை எழுதித் தந்துவிடும். அச்சிட விரும்பும் செயற்கூறுக்கு, மதிப்போடு அந்த முறையும் கண்ணுக்குத் தெரியாத இன்னோர் அளபுருவாகப் போய்ச் சேர்கிறது. மறைவாக எட்டிப்பார்த்தல் இங்கே இல்லை. உறுப்புகளைப் பார்க்கும் செயற்கூறு அவை ஷோ வகுப்பினவாக இருக்க வேண்டும் என்று தன் தரவினத்திலேயே அறிவித்துவிடுகிறது.

நேர்மைக்கு உரிய விலையும் இருக்கிறது. ஆழத்தில் கிடக்கும் பொதுச் செயற்கூறு ஒன்றில் பிழை தேட ஒரே ஓர் அச்சு வரியைச் செருகினால், அதன் தரவினத்தில் ஷோ நிபந்தனை சேர வேண்டும். அதை அழைக்கும் செயற்கூறிலும், அதை அழைப்பதிலும் சேர வேண்டும். இப்படிப் படிப்படியாக ஏறிப் பத்து இடங்களில் கை வைத்த பிறகு, உச்சியில் ஷோ வகுப்பில் சேராத ஒரு தரவினம் வழிமறிக்கும். பிழை அகப்பட்ட பின் அத்தனையையும் பழையபடி மாற்ற வேண்டும். ஓகேமல் நிரலர் ஓர் ஊக அச்சால் முடிக்கும் காரியத்துக்கு ஹாஸ்கெல் நிரலர் ஊரையே கூட்ட வேண்டியிருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

ஹாஸ்கெலில் இன்னொரு சிக்கலும் உண்டு. அம்மொழி சோம்பல் மதிப்பீட்டைக் கையாள்வது. ஒரு மதிப்பு உண்மையில் தேவைப்படும்வரை அதைக் கணிக்காமல், கணிக்கும் வழியை மட்டும் குறித்து வைக்கும். அச்சிடுவதே ஒரு தேவை என்பதால், பார்க்கும் செயலே மதிப்பைக் கணிக்க வைத்துவிடுகிறது. முடிவில்லாப் பட்டியலைக் கண்காணிக்க முயன்ற அச்சு வரி, அதுவரை நன்றாக ஓடிய நிரலை என்றென்றைக்கும் ஓட விட்டுவிடும். ஆண்டி கில் 2000இல் வெளியிட்ட ஹூட் என்ற கருவி, நிரல் தன் போக்கில் எதை எதைக் கணித்ததோ அதை மட்டும் பதிவு செய்து பின்னர் காட்டியது. ஜிஹெச்சி நிரல்பெயர்ப்பியின் ஊடாட்டச் சாளரத்தில் உள்ள பிரிண்ட் கட்டளையும் அவ்வழியே செல்கிறது. அது நினைவகத்தின் உருவத்தையும் தரவினச் செய்தியையும் ஒருங்கே வைத்துப் படித்து, இன்னும் கணிக்கப்படாத பகுதிகளுக்கு அடிக்கோட்டில் தொடங்கும் தற்காலிகப் பெயர்களை இட்டு, அவற்றைத் தொடாமலே விட்டுவிடுகிறது.

பெயர்களைத் தக்கவைத்தவர்களின் கதை சுருக்கமானது. ஓகேமலின் வழியில் பிறந்த எஃப் ஷார்ப், தரவினச் செய்திகளை இயக்க நேரத்திலும் வைத்திருக்கும் டாட்நெட் தளத்தின் மேல் ஓடுவதால், அச்சு வடிவத்தில் விழுக்காட்டுக் குறியோடு ஓர் எழுத்தைச் சேர்த்தால் எந்த மதிப்பையும் புலப்பெயர்களோடு காட்டிவிடுகிறது. ஓகேமலோ 2014இல் வந்த 4.02ஆம் பதிப்பில், நிரல்பெயர்ப்பி தரவினங்களைச் சரிபார்க்கும் முன் நிரலின் வாக்கிய மரத்தை வேறு கருவிகள் திருத்த இடம் கொடுத்தது. தரவின வரையறையின் கீழே ஒரு குறிப்பு எழுதினால் அதற்கான அச்சிடும் செயற்கூறைத் தாமே எழுதித் தரும் கருவிகள் இதனால் பெருகின. இன்று எழுதப்படும் ஓகேமல் நிரல்களுக்கு இதுவே தக்க வழி என்பதில் ஐயமில்லை. அச்சில் பெயர்கள் வருகின்றன, கணங்கள் கணங்களாகவே தெரிகின்றன.

அப்படியிருந்தும் குறிகளைப் படிக்கும் பழைய முறை வழக்கொழியாமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தரவினத்தின்படி எழுதப்பட்ட அச்சிடும் செயற்கூறு அந்தத் தரவினத்தை முழுமையாக நம்புகிறது. ஆனால் கோப்பில் எழுதி வைத்த மதிப்பைத் தவறான தரவினத்தின் பெயரில் மீட்கும்போதும், சி மொழியில் எழுதிய துணைச் செயற்கூறு ஒன்று தான் வாக்களித்ததற்கு மாறானதைத் திருப்பித் தரும்போதும், தரவினமே பொய்யாகிவிடுகிறது. சரம் வர வேண்டிய இடத்தில் 7 என்ற எண் வந்திருந்தால், பெயர் அறிந்த செயற்கூறு உள்ளே இருக்கும் 15ஐ ஒரு முகவரி என்று நம்பி, அங்கே நீளம் எழுதியிருக்கும் என்று தேடப் போய், நிரலையே வீழ்த்திவிடும். டம்ப் யாரையும் நம்புவதில்லை; கடைசி பிட்டை முதலில் பார்க்கிறது, அது 1 என்று காண்கிறது, 7 என்று அச்சிட்டுவிட்டு அடுத்த புலத்துக்குப் போகிறது.